ஒரு ஓணானுக்காக ஊரே காத்திருக்க வேண்டுமா? மெல்பர்ன் மேற்குப் புல்வெளி பற்றி ஒரு விவாதம்

கேள்வி, மார்ச் 2
மெல்டன் பக்கம் மனைக்கு முன்பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். டைட்டில், அதாவது மனையின் உரிமைப் பத்திரம், வந்தபாடில்லை. விற்பனைக்காரரைக் கேட்டால் "சுற்றுச்சூழல் பிரச்சினை, ஏதோ பல்லியாம்" என்கிறார். தேடிப் பார்த்தேன். 1969க்குப் பிறகு யார் கண்ணிலும் படாத ஓணான் ஒன்று மறுபடி கிடைத்திருக்கிறதாம். ஒரு ஓணானுக்காக ஆயிரம் குடும்பம் வாடகை வீட்டில் கிடக்க வேண்டுமா? புல்தானே, வேறு இடத்தில் வளர்த்துக் கொடுத்தால் போகாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ட்ரூகனீனாவில் இருக்கிறேன்.

மார்ச் 2, இரவு
விற்பனைக்காரர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்துப் புதுக் குடியிருப்பு எஸ்டேட்டுகளுக்குச் சாலை, வடிகால் வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. டைட்டில் தாமதம் என்றால் பெரும்பாலும் சாக்கடை இணைப்பு கிடைக்கவில்லை, மின்சாரம் வரவில்லை, பிரதான சாலைச் சந்திப்புக்கு ஒப்புதல் இழுக்கிறது, இல்லையென்றால் ஒப்பந்தக்காரர் வேறு தளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "சாக்கடை இன்னும் வரவில்லை" என்று சொல்வதைவிடப் பல்லியைச் சொல்வது விற்பனைக்காரருக்கு வசதி. பல்லி மறுத்துப் பேசாது.

இன்னொன்று. மெல்பர்னின் வளர்ச்சிப் பகுதிகளுக்கு மாநில அரசும் ஒன்றிய அரசும் 2010லேயே மொத்தமாக ஓர் உடன்பாடு போட்டுவிட்டன. அந்த எல்லைக்குள் டெவலப்பர் ஒவ்வொரு மனைத்தொகுதிக்கும் தனித்தனியாகப் போய் ஒன்றிய அனுமதிக்கு நிற்க வேண்டியதில்லை. வரையறுத்த கட்டணத்தைக் கட்டிவிட்டு புல்டோசரை இறக்கலாம். தாமதத்தைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடே வந்தது. அதன் கதையை அப்புறம் எழுதுகிறேன், நாளை ஆறு மணிக்கு எழ வேண்டும்.

மார்ச் 3
முதலில் பிராணியைப் பார்ப்போம். விக்டோரியாவின் செவியிலி ஓணான். அறிவியல் பெயர் டிம்பனோக்ரிப்டிஸ் பிங்குவிகோலா. தலை முதல் வால் நுனி வரை சுமார் 15 சென்டிமீட்டர், அதில் பாதிக்கு மேல் வால். காதுத் துளை வெளியே தெரியாது, தோல் மூடியிருக்கும். சாம்பலும் பழுப்புமான உடம்பில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள், குறுக்கே கருத்த பட்டைகள். காய்ந்த புல்லுக்குள் அசையாமல் இருந்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது.

மரம் ஏறுகிற ஓணான் இல்லை இது. மரமே இல்லாத வெளிதான் இதன் இடம். சிலந்தி தோண்டிய வளையிலும் கல்லுக்கு அடியிலும் ஒண்டிக்கொள்ளும், எறும்பும் சின்னப் பூச்சிகளும் தின்னும். வெயிலுக்கும் குளிருக்கும் அந்த வளைதான் புகலிடம். சிலந்தி இல்லாத புல்வெளியில் இதற்கு இடமில்லை. உழுத நிலத்தில் சிலந்தி வளை இருக்காது. மிச்சக் கதை முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கும்.

மார்ச் 3, பிற்பகல்
முன்னே ஒருவர் "கான்பராவில்தான் நிறைய இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறார். 2019 வரை அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். கான்பரா, கூமா, பாதர்ஸ்ட், விக்டோரியா எல்லா இடத்திலும் இருப்பது ஒரே இனம் என்பது அப்போதைய கணக்கு. விக்டோரியா அருங்காட்சியகத்தின் ஜேன் மெல்வில் குழுவினர் மரபணுவையும் எலும்புக்கூட்டின் எக்ஸ்ரே படங்களையும் வைத்துப் பார்த்து, நான்கும் வெவ்வேறு இனங்கள் என்று பிரித்தார்கள். அன்றைக்கு விக்டோரிய ஓணானின் நிலை தலைகீழானது. கான்பராவில் இருக்கிறது என்ற ஆறுதல் போய், ஐம்பது ஆண்டுகளாக யாரும் பார்க்காத தனி இனம் ஆகிவிட்டது. அழிந்துபோயிருக்கலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

2023 ஜூனில் செய்தி வந்தது. மெல்பர்னுக்கு மேற்கே ஒரு தனியார் நிலத்தில் சூழலியல் கணக்கெடுப்புக்குப் போனவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. எந்த இடம் என்பதை இன்றுவரை வெளியிடவில்லை. சரியான முடிவு. அரிய ஊர்வன என்றால் திருடி விற்கவும் ஆள் இருக்கிறது, வேடிக்கை பார்க்கிறேன் என்று கல்லையெல்லாம் புரட்டிப்போடவும் ஆள் இருக்கிறது. இந்த இழையிலும் யாரும் "அங்கேதானே?" என்று ஊகம் போட வேண்டாம்.

மார்ச் 5
எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். இங்கே வந்த புதிதில் ஒரு தளத்தில் சோதனைக் குழி வெட்டியபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். நம்ம கரிசல்தான்! மழைக்காலத்தில் பூட்ஸை விடாமல் பிடித்துக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். எரிமலைக் குழம்பு பரவி ஆறி, பசால்ட் பாறையாகி, அது மக்கி வந்த மண். மெல்பர்னின் மேற்கு விளிம்பிலிருந்து தென் ஆஸ்திரேலியா எல்லைப் பக்கம் வரை இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் இந்தச் சமவெளி கிடக்கிறது.

இந்தப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இந்த மண்ணைத் தெரியும். அடித்தள ஸ்லாப் போடுவதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையில் "மிகையாக விரியும் களிமண்" என்று வரும், கூடவே ஸ்லாபுக்குக் கூடுதல் செலவு என்று பில்டர் ஒரு தொகையை நீட்டுவார். நம் வீட்டுச் சுவரில் விரிசல் விடுகிற அதே வெடிப்புகளுக்குள்தான் பல்லியும் சிலந்தியும் தவளையும் கோடையைத் தள்ளுகின்றன.

மார்ச் 5, பின்னிணைப்பு
ஓணான் என்றதும் எனக்கு நினைவு வருவது பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழி. நீளமான புல் தண்டின் நுனியில் சுருக்குப் போட்டு, வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானின் கழுத்தில் மெதுவாக மாட்டி இழுப்போம். ராமருக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் வேறு எதையோ கொடுத்ததாம், அதனால் அடிக்கலாமாம். இதுதான் எங்கள் தரப்பு நியாயம். வேடிக்கை என்னவென்றால், இங்கே ஆராய்ச்சியாளர்களும் பல ஓணான் இனங்களைப் பிடிப்பது நீண்ட கம்பு நுனியில் நூல் சுருக்கு மாட்டித்தான். அவர்கள் அளந்து, எடை பார்த்துத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

மார்ச் 9
சொன்னபடி உடன்பாட்டின் கதை.

2010இல் மெல்பர்னின் நகர எல்லையைச் சுமார் 43,000 ஹெக்டேர் விரித்தார்கள். விரிந்த பகுதியில் பெரும்பங்கு மேற்கிலும் வடக்கிலும், அதாவது இந்தப் புல்வெளி மேல். அங்கிருந்த புல்வெளி 2008லேயே ஒன்றியச் சட்டப்படி அழியும் விளிம்பில் உள்ள சூழல்தொகுதி என்று பட்டியலில் ஏறிவிட்டது. எனவே பேரம்: நகரத்துக்குள் இருக்கும் துண்டுகளை அழிக்க அனுமதி, ஈடாக எல்லைக்கு வெளியே 15,000 ஹெக்டேரில் ஒரே பெரிய மேற்குப் புல்வெளிக் காப்பகம். மவுண்ட் காட்ரெல் பக்கம் ஒரு பெரும் துண்டு, லிட்டில் ரிவர் பக்கம் இன்னொன்று. நிலம் வாங்கப் பணம், டெவலப்பர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து. தொடக்கத்தில் ஒரு ஹெக்டேர் இயல் தாவரத்தை அழிக்க 95,000 டாலர் சொச்சம். 2020க்குள் முழுவதையும் வாங்கி முடிப்பதாக வாக்கு.

2020இல் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார். வாங்கியிருந்தது 10 விழுக்காடு. எழுத்துப் பிழை இல்லை, பத்துதான்.

பேரத்தின் ஓட்டை எங்கே என்று பாருங்கள். கட்டணம் நகரம் வளரும் வேகத்தில்தான் வரும். நகரம் வளர்ந்தால் நிலத்தின் விலை ஏறும். இன்று ஒரு ஹெக்டேரை அழித்துக் கட்டிய பணத்தில், நாலைந்து ஆண்டு கழித்து வெளியே ஒரு ஹெக்டேர் வாங்க முடிந்தால் பெரிய விஷயம். அதற்குள் அந்த வெளி நிலம் என்ன ஆகிறது? "அரசு வாங்கப்போகிறது" என்று வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். உரிமையாளருக்கு அதில் முதல் போட மனம் வருமா? களை எடுக்க வருமா? செரேட்டட் டஸ்ஸாக் என்ற புல் புகுந்தது. தென் அமெரிக்கப் புல், விக்டோரியாவில் 1954இல் பிராட்மெடோஸில் முதலில் அடையாளம் கண்டார்கள். ஒரு நல்ல தூரில் லட்சம் விதை வரும், காற்றில் பல கிலோமீட்டர் பறக்கும், ஆடு மாடு தொடாது. வாங்கும்போது அது இன்னும் புல்வெளியாக இருக்குமா என்பதே கேள்வி ஆகிவிட்டது.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் வாங்கப்போகும் மனை விலைக்குள் அந்தக் கட்டணத்தின் ஒரு துளி ஏற்கெனவே இருக்கிறது. ஓணான் உங்கள் வழியை மறிக்கவில்லை. நீங்கள் கொடுத்த காசுக்கு வர வேண்டிய பொருள்தான் வந்து சேரவில்லை.

மார்ச் 10
"அப்படியானால் பில்லைக் காட்டி ஓணானைக் கேட்கலாமா" என்று ஒருவர். கேளுங்கள். ஜிஎஸ்டி போட்டுக் கேளுங்கள்.

மார்ச் 15
நிறைய பேர் "புல்வெளி என்றால் என்னதான் இருக்கும், காலி நிலம்தானே" என்கிறார்கள். எங்கள் ஊரிலும் இதே பேச்சுதான். ரெவின்யூ கணக்கில் தரிசு என்று எழுதினால் தீர்ந்தது.

செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் ஒரு காப்பகத்தில் தன்னார்வலர்களோடு ஓட்டுக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். ஓடு என்றால் கூரை ஓடுதான். பழைய கான்கிரீட் ஓடுகளைப் புல்லுக்குள் வரிசையாகக் கிடத்தி வைப்பார்கள். வசந்தத்தில் காலை வெயில் ஓட்டைச் சூடாக்கும், அடியில் குளிர் காய ஏதாவது வந்து படுக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்குவதற்கும் முறை உண்டு. எட்ட இருக்கிற விளிம்பைப் பிடித்து நம் பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும், அப்போதுதான் அடியில் விஷமுள்ள பழுப்புப் பாம்பு இருந்தால் நமக்கும் அதற்கும் நடுவே ஓடு இருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எழுபது தாண்டிய ஒரு அம்மா. அவர் கையுறையின் விரல் நுனிகள் ஓட்டை.

முதல் வரிசை ஓடுகளில் எறும்பு, கரப்பான், வெறும் ஈர மண். அப்புறம் ஒன்றைச் சாய்த்தபோது சுருண்டு கிடந்தது. கால் இல்லை. சுண்டுவிரலைவிட மெலிது, கருத்த தலை, உடம்பு நெடுக மெல்லிய கோடுகள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த அம்மா "கண்ணுக்குப் பின்னால் பார்" என்றார். குனிந்தேன். காதுத் துளை, குண்டூசித் தலை அளவுக்கு. பாம்புக்குக் காதுத் துளை ஏது? நாக்கை நீட்டியது, பிளவு இல்லாத அகல நாக்கு. அந்த நாக்காலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது, இமை கிடையாதே. அப்புறம் ஒரு துள்ளல், புல் தூருக்குள் போய்விட்டது. கோடுள்ள கால்களற்ற பல்லி, டெல்மா இம்பார். இதுவும் பட்டியலில் இருக்கிற அரிய இனம்தான்.

எங்கள் செவியிலி ஓணானை நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

மார்ச் 16
மேலே "எங்கள் ஓணான்" என்று எழுதியிருப்பதை ஒருவர் பிடித்துக்கொண்டார். குடியுரிமை வாங்கி எத்தனை ஆண்டு என்று கேட்கிறார். இருக்கட்டும். குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடிக்குப் போர்வை போர்த்தி, பனி அடிக்கிறதா என்று ராத்திரி எழுந்து பார்க்கிற கூட்டம் நாம். மண்ணுக்குச் சொந்தக்காரப் பிராணியை எங்களது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

மார்ச் 22
செம்மறி ஆடுகள்தான் இந்தப் புல்வெளியை அழித்தன என்று ஒருவர் ஆணித்தரமாக எழுதியிருக்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். 1835க்குப் பிறகு ஐரோப்பியர் கொண்டுவந்த ஆடுகள் இங்கே பரவிய வேகத்தில் மர்னாங் கிழங்குச் செடி பெருமளவு ஒழிந்தது உண்மை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான வதாவுரங், வுருண்ட்ஜெரி மக்களின் முக்கிய உணவு அது. அவர்கள் முறைப்படி தீ வைத்துப் பராமரித்த வெளி இது. அந்த நெருப்பும் அதோடு நின்றது.

ஆனால் இன்று எங்கே நல்ல புல்வெளி மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். ரயில் பாதையோரம், பழைய கல்லறைத் தோட்டம், கல் மிகுந்து ஏர் நுழையாமல் ஆடு மட்டும் மேய்ந்த நிலம். கேள்வி கேட்டவர் இருக்கும் ட்ரூகனீனாவின் கல்லறைத் தோட்டத்திலேயே பட்டன் ரிங்கிள்வோர்ட் என்ற அரிய மஞ்சள் பூச்செடி இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கல்லறைகளுக்கு நடுவே ஏர் ஓட்டவில்லை, உரம் போடவில்லை, அவ்வளவுதான் ரகசியம்.

எனவே இப்போது என் மனதில் இருக்கும் குற்றவாளி வரிசை வேறு. ஏர், உரம், கல் பொறுக்குவது, அதற்குப் பிறகு ஆடு. இங்கத்திய புல்லும் பூவும் சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகியவை. சூப்பர் பாஸ்பேட் போட்ட நிலத்தில் வெளிநாட்டுப் புல்தான் ஜெயிக்கும்.

மேய்ச்சலே கூடாது என்று வேலி போட்டாலும் சிக்கல். இங்கத்திய கங்காரு புல்லைத் தானாக விட்டால் நாலைந்து ஆண்டில் அடர்ந்து, காய்ந்த தாளே மண்ணை மூடிவிடும். பூச்செடிக்கு இடம் இருக்காது, ஓணானுக்கு வெயில் காய இடம் இருக்காது. நெருப்போ மேய்கிற வாயோ, ஏதாவது ஒன்று வேண்டும்.

மார்ச் 22, கொஞ்சம் கழித்து
இதில் நிலக்காரர் பக்கமும் ஒன்று உண்டு. தன் நிலத்தில் அரிய பிராணி இருக்கிறது என்று ஒரு விவசாயி வெளியே சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? அதிகாரிகள் வருவார்கள், விற்க முடியாது, உழ முடியாது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. அவருக்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் காசு கொடுத்து, ஆட்டையும் இன்ன மாதத்தில் இத்தனை மேய்க்கலாம் என்று ஒப்பந்தம் போட்டால் வேலிக்காரரே காவல்காரர் ஆவார். அபராதத்தை மட்டும் காட்டினால், ஓணானைப் பார்த்தவர் வாயையே திறக்க மாட்டார்.

மார்ச் 24
"மிருகக்காட்சி சாலையில் வளர்க்கிறார்களே, பிறகென்ன கவலை?"

வளர்க்கிறார்கள். மெல்பர்ன் மிருகக்காட்சி சாலையில் இதற்கென்றே தனி இடம், குஞ்சுகளும் பொரிந்திருக்கின்றன. மோப்ப நாய்களையும் இந்த ஓணானின் வாசனைக்குப் பழக்கி வயலில் இறக்கியிருக்கிறார்கள். மனிதக் கண் தோற்கிற இடத்தில் நாய் மூக்கு ஜெயிக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

ஆனால் கூண்டில் நூறு பெருகினாலும் அவற்றைத் திறந்துவிட வளையுள்ள மண் வேண்டாமா? அந்த மண்ணைத்தான் நாம் தினமும் லாரி லாரியாக நிரவிக்கொண்டிருக்கிறோம். (நாம் என்பதில் நானும் உண்டு. வரைபடம் என்னுடையதுதான்.)

மார்ச் 30
கான்பரா பற்றிக் கேட்டவருக்கு. அங்கே இருப்பது டிம்பனோக்ரிப்டிஸ் லினியேட்டா, நம்முடையதன் அண்ணன் தம்பி முறை. அதுவும் அழியும் விளிம்பில்தான். வயலில் பெரும்பாலானவை ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. இதை யோசித்துப் பாருங்கள். பத்தாண்டு வாழும் ஆமைக்கு ஒரு வறட்சி வந்தால் தாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு முட்டையிடும். ஓராண்டுப் பிராணிக்குத் தொடர்ந்து இரண்டு மோசமான கோடை வந்தால் வம்சத்துக்கே ஆபத்து. 2000களின் நீண்ட வறட்சியில் அங்கே எண்ணிக்கை சரிந்தது அப்படித்தான். புல் கட்டையாகிப் போனாலும் சாகும், மழை அதிகமாகிப் புல் மண்டினாலும் திணறும்.

அங்கும் சாலைச் சண்டைதான். கான்பரா விமான நிலையத்தின் வடக்குச் சாலைக்கு 2009இல் ஒப்புதல் கிடைத்தது, பாதை ஓணான் வாழும் புல்வெளியை அறுத்துக்கொண்டு போகிறது. 2023இல் வேலை தொடங்கும் நேரத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, பணி நிறுத்திவைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுக்கு முன் கொடுத்த ஒப்புதலை, நடுவே ஓணான் எவ்வளவு குறைந்திருந்தாலும், அப்படியே நீட்டிக் காட்ட முடிகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டு வரைபட ஒப்புதலுக்கே காலாவதி உண்டு.

ஏப்ரல் 4
கொஞ்சம் திசைதிரும்புகிறேன், விடுமுறை நாள்தானே. செத்துப்போன பாம்பு ஒன்று ஓர் இனத்தையே மீட்டுக் கொடுத்த கதை தெரியுமா? தென் ஆஸ்திரேலியாவின் குட்டி நீலநாக்குப் பல்லி அழிந்துவிட்டது என்று எழுதியே முடித்திருந்தார்கள். 1992இல் பர்ரா என்ற ஊர்ப் பக்கம் சாலையில் அடிபட்டுக் கிடந்த பழுப்புப் பாம்பின் வயிற்றை அறுத்துப் பார்த்தார் கிரஹாம் ஆம்ஸ்ட்ராங். உள்ளே அந்தப் பல்லி! பிறகு சுற்றுவட்டாரத்தில் தேடினால் ஆடு மேயும் உழாத புல்வெளியில், சிலந்தி வளைக்குள், தலையை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதே சிலந்தி வளை. சிலந்திக்கு யாராவது ஒரு சிலை வைக்கலாம்.

ஏப்ரல் 11
"வேறு இடத்தில் வளர்த்துக் கொடுத்தால் போகாதா" என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டியிருக்கிறார்கள்.

செடிகளை ஓரளவு வளர்க்கலாம். உரம் ஏறிய மேல்மண்ணை இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிமண்ணில் பலவகை விதைகளைக் கலந்து தூவினால் பூத்துக் குலுங்கும் புல்வெளி வருகிறது. கிரீனிங் ஆஸ்திரேலியா போன்ற அமைப்புகள் விக்டோரியாவில் செய்து காட்டியிருக்கிறார்கள். பாதையோரத்திலும் பூங்காவிலும் இதைச் செய்யச் சொல்லி நானும் அலுவலகத்தில் வாதாடுகிறேன், சில சமயம் எடுபடுகிறது.

ஆனால் தளத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். புல்வெளி நிலத்தில் முதலில் போவது கல். பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாகப் புதைந்து கிடக்கும் பசால்ட் உருண்டைகள். எக்ஸ்கவேட்டர் ஒன்றைப் பெயர்க்கும்போது அடியில் இருக்கும் குழியைப் பார்த்தால் தெரியும். சுற்றிலும் வெள்ளை வேர்கள், கல்லின் அடிப்பாகத்தில் சிலந்தி நூல், எறும்புப் பாதை, ஈரம். மறு நிமிடம் அது வெறும் பள்ளம். பெயர்த்த கல்லை ஒன்று நொறுக்கிச் சாலைக்கு அடியில் போடுவார்கள், இல்லை எஸ்டேட் வாசலில் பெயர்ப்பலகைக்குக் கீழே அழகாக அடுக்குவார்கள். பலகையில் பெயரைப் பார்த்தால் ஏதோ ஒரு "மெடோஸ்", அதாவது புல்வெளி, இருக்கும். உடைத்ததன் பெயரை வைப்பது ஒரு மரியாதை போலிருக்கிறது.

ஒரு தளத்தில், எந்த நிறுவனம் என்பது வேண்டாம், பாதுகாக்க வேண்டிய துண்டு என்று வேலி போட்டுக் குறித்திருந்த இடத்துக்குள்ளேயே வெட்டிய மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். "தற்காலிகமாகத்தான்" என்றார் மேற்பார்வையாளர். இரண்டு மீட்டர் உயரக் களிமண் குவியலுக்கு அடியில் எது தற்காலிகமாக உயிரோடு இருக்கும்? எழுதிக் கொடுத்தேன். மண்ணை அள்ளினார்கள். அடுத்த வசந்தத்தில் அங்கே முட்செடி மட்டும் முளைத்தது.

எனவே பதில்: செடி வளரும். கல்லும் வெடிப்பும் வளையும் சேர்ந்த அந்த அடுக்கைத் திரும்பச் செய்ய யாருக்கும் தெரியாது. இருக்கிற இடத்தை வாங்கி, களை எடுத்து, நேரத்துக்கு எரித்து வைத்திருப்பதுதான் மலிவான வழி. தள்ளிப்போடுகிற ஒவ்வோர் ஆண்டும் விலையும் ஏறுகிறது, டஸ்ஸாக்கும் ஏறுகிறது.

ஏப்ரல் 12
"அப்படியானால் நாங்கள் வீடே வாங்கக் கூடாதா" என்று கோபமாக ஒரு செய்தி. நான் இருப்பதும் அதே புல்வெளி மேல் கட்டிய வீட்டில்தான் ஐயா. வாங்குங்கள். கவுன்சில் தேர்தலிலும் மாநிலத் தேர்தலிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரயிலும் பள்ளிக்கூடமும் எப்போது வரும் என்று கேட்கிறோம் அல்லவா, அதோடு 15,000 ஹெக்டேரில் எவ்வளவு வாங்கியாயிற்று என்றும் கேளுங்கள். நம்மவர்கள் இத்தனை பேர் இந்தத் தொகுதிகளில் இருக்கிறோம், தீபாவளி விழாவுக்கு வந்து வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மனை அளவைக் கொஞ்சம் குறைத்து, ரயில் நிலையத்தை ஒட்டி மூன்று மாடி கட்டினால் எல்லையை இவ்வளவு விரிக்க வேண்டியிருக்காது என்பது என் தனிப்பட்ட கட்சி. ஆனால் பின்னால் முருங்கை வைக்க இடம் வேண்டும் என்று சொல்கிறவர்களில் என் மனைவியும் ஒருவர். எனவே இதை வீட்டுக்கு வெளியே மட்டும் பேசுகிறேன்.

ஏப்ரல் 19
டார்னீட்டிலிருந்து ஒரு அக்கா படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: தோட்டத்துக் கல்லுக்கடியில் பாம்புக் குட்டி, அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். பாம்பானாலும் பல்லியானாலும் விக்டோரியாவில் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. பிடிக்கவும் வேண்டாம், உரிமம் உள்ளவர்தான் தொடலாம். படத்தில் காதுத் துளை தெரிகிறது, வால் உடம்பைவிட நீளம், எனவே கால்களற்ற பல்லி வகையாக இருக்கவே வாய்ப்பு. ஆனாலும் கிட்டப் போய்க் காதைத் தேட வேண்டாம், பழுப்புப் பாம்புக் குட்டியிலும் விஷம் உண்டு. பிள்ளைகளையும் நாயையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். அது அதற்குள் தானே போயிருக்கும்.

ஏப்ரல் 19, மாலை
போய்விட்டதாம். அக்கா கல்லை அங்கேயே விட்டுவிட்டார். கணவர்தான் இன்னும் பின்பக்கம் போக மாட்டேன் என்கிறாராம்.

ஏப்ரல் 25
நம் பகுதி வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே களேபரம்: புல்வெளிப் பக்கம் புகை, யாரோ தீ வைத்துவிட்டார்கள், அவசர எண்ணுக்குக் கூப்பிடலாமா என்று. அது திட்டமிட்டு எரிப்பது. இலையுதிர் காலத்தில் காற்று அடங்கிய நாளாகப் பார்த்துத் துண்டு துண்டாக எரிப்பார்கள், எரியாத துண்டில் பிராணிகள் ஒதுங்க இடம் விட்டு. எரிந்த இடத்தில் சில மாதத்தில் பூ வரும். மாநில அவசரநிலைச் செயலியில் உங்கள் இடத்தைக் குறித்து வைத்தால் அறிவிப்பு முன்கூட்டியே வரும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். கொடியில் காயும் துணியை உள்ளே எடுத்துவிடுங்கள், என் வெள்ளைச் சட்டைகள் போய்விட்டன.